உதடு ஒட்டிய மீன்

பூதலூர்,
12.9.1999

அன்பு அனிட்டாவுக்கு,

குழந்தைராஜ் எழுதுவது. பூண்டி மாதா தயவில் நானும் மகள் ஜெனிட்டாவும் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் வருகிறேன். முதலில் மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பதில் உனக்குப் பிடிபடாது.

நீ ஆசையாக வாங்கி அனுப்பிய, விராலை ஏமாற்றிக் கடிக்க வைக்கும் பிளாஸ்டிக் தூண்டில் மீன் போய்விட்டது. புது ஆற்று மதகில் மாட்டித் தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. டிராக்டர் டிராலி காலில் ஏறிய பிறகு உட்கார்ந்தபடி நான் செய்ய முடிந்தது அந்த மீன்பிடிப்பு ஒன்றுதான் என்று உனக்கே தெரியும். சோறே இறங்கவில்லை. அப்புறம்தான் கல்யாண முருங்கைக் கட்டையில் நானே ஒன்று செதுக்கினேன். உடம்பு சுலபம். தாடைக்குக் கீழே ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்குமே, நான் உதடு என்பேன், அதுதான் உயிரை வாங்கியது. இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி மீனைக் கீழே அமுக்க வேண்டும். என் மீனோ மல்லாந்து படுத்து வட்டம் போட்டது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பூவம்மாள், மீனுக்குச் சாராயம் ஊத்தினீங்களா அண்ணே என்று கேட்டுவிட்டாள்.

கேசட் பெட்டி மூடியில் உதடு வெட்டினேன், விரால் கடித்ததும் நொறுங்கியது. டிவி ரிப்பேர் கோவிந்தராசு தூக்கிப் போட்ட சர்க்யூட் பலகையில் வெட்டித் தேய்த்தேன். மெலிசாக இருந்தும் உடையவில்லை. மீன் கோணலாக ஓடுவது மட்டும் நிற்கவில்லை. சிரிக்கட்டும் என்றுதான் உனக்கு எழுதினேன். நீ தச்சர் மகள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கட்டையை உருண்டையாச் செதுக்குறதுக்கு முன்னாடி, சதுரமா இருக்கும்போதே உதட்டுக்குப் பள்ளம் அறுத்துடுங்க, அப்பா சப்பரத்துக்கு அப்படித்தான் செய்வார் என்று எழுதினாய். டியூட்டி முடிந்த களைப்போடு நீ எழுதிய வரி. அப்படியே செய்தேன். மீன் நேராக முங்கியது. கரையிலேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு கூத்து. தவக்காலத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் பூண்டியில் ஏற்றிவிட்டுப் போன மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கி வந்தேன். கட்டை தண்ணீர் குடிக்காது, மாதா ஆசியும் சேரும் என்று, மெழுகை உருக்கி, அதே மாதிரி செதுக்கிய மற்ற மீன்களை முக்கி எடுத்துவிட்டு, அப்புறம் உதட்டை ஒட்டினேன். மெழுகின் மேல் எந்தப் பசை நிற்கும்? நாகூரில் தூண்டில் கடை வைத்திருக்கும் அஹமது கபீர் பாய் என் மீன்களைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்த அன்றைக்கா அது நடக்க வேண்டும்! அவர் கண்ணெதிரே பெரிய விரால் ஒன்று உதட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. என் மானம் போயிற்று. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முங்குற அழகைப் பார்த்துட்டேன், மெழுகை விட்டுட்டு வார்னிஷ் அடிங்க, எல்லாத்தையும் நான் எடுத்துக்கிறேன் என்றார். இப்போது அவர் கடைக்குச் செய்து மாளவில்லை. வீடு அதிலேயே ஓடுகிறது.

என் காலுக்கு ஆபரேஷன் நடந்ததும் உன்னால், கைக்கு வேலை வந்ததும் உன்னால். நேரில் நன்றி சொன்னால் திட்டுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கோடி நன்றி, அனிட்டா.

இனி உன் கேள்வி. முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவாய். இப்போது நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று மட்டும்தான் வருகிறது. நீ அங்கே படும் பாடு எனக்குப் புரியாமல் இல்லை. இந்தக் கட்டை மீன் இழுக்கும்வரைதான் முங்கும். இழுப்பை நிறுத்தினால் தானாக மேலே வந்துவிடும். அது மேலே வரும்போதெல்லாம் உன் ஞாபகம்தான் வருகிறது. எங்களுக்காக நீ முங்கிக் கிடந்தது போதும். கையெழுத்துப் போடாதே.

மாதா உனக்கு வழித்துணையாக இருக்கட்டும். எந்த ரயில் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு ஆட்டோ வேண்டாம், ஊன்றுகோலும் வேண்டாம். ஜெனிட்டா கையைப் பிடித்துக்கொண்டு நானே நடந்து வருகிறேன்.

உன்,
குழந்தைராஜ்