வராத பிள்ளைகளை எண்ணியவளுக்கு

இன்று மூன்றாவது பாடவேளையில் ஆய்வகத்திலிருந்து ஸ்பிரிட் விளக்கின் வாசம் ஜன்னல் வழியாக என் வகுப்புக்குள் வந்தது. கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நின்றுவிட்டேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய அறிவியல் ஆசிரியை ஏதோ சோதனை காட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். ஆனால் அந்த வாசம் வந்தால் அதன் பின்னாலேயே "இன்னா மேத்ஸ், டீ குடிச்சியா?" என்ற உன் குரலும் வரவேண்டும் என்று என் காது பழகிக் கிடக்கிறது. வரவில்லை. "மிஸ், மீதியப் போடுங்க" என்றார்கள் பிள்ளைகள். போட்டேன். விடை தப்பாக வந்தது.

நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. ஒரே கலந்தாய்வில் மாறுதல் வாங்கி, ஒரே காலையில் இந்தப் பள்ளியில் கையெழுத்துப் போட்டோம். நான் மேத்ஸ், நீ சயின்ஸ். பத்தாம் வகுப்பு நம் இருவர் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் வேர்க்கடலை விளையும் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை உண்டு; வேலை போனாலும் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. உன் நைனா கல் உடைத்து உன்னைப் படிக்கவைத்தவர். இந்தச் சம்பளம் போனால் உன் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியிருந்தும் நம் இருவரில் பயந்தாங்கொள்ளி நான்தான் என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். கணக்கிலும் அறிவியலிலும் மாவட்டம் பின்தங்கிவிட்டது, எப்படியாவது தூக்கி நிறுத்தவேண்டும் என்று புதிய திட்டம் வந்தது. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, வாரத்துக்கு ஒரு தேர்வு. மதிப்பெண்களை அன்றன்றே போனில் ஏற்றவேண்டும். தேறிய பள்ளிக்குப் பச்சை, நடுவில் இருப்பதற்கு மஞ்சள், மற்றதற்குச் சிவப்பு. நாம் சிவப்பு. ஆய்வுக் கூட்டத்தில் சிவப்புப் பள்ளி ஆசிரியர்கள் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். முந்தின நாளே எனக்குச் சோறு இறங்காது.

மலைமேல் பெய்த மழை மாதிரி பயம் மேலேயிருந்து கீழே இறங்கி வந்தது. அதிகாரிக்கு அவருக்கு மேலே இருப்பவரிடம் பயம். தலைமை ஆசிரியருக்கு அதிகாரியிடம் பயம். நமக்குத் தலைமை ஆசிரியரிடம். கடைசியில் அது பிள்ளைகளிடம் போய்த் தேங்கியது. மாவட்டம் பள்ளிக்குக் கொடுத்த நிறத்தை நம் தலைமை ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சிவப்புப் பிள்ளைகள் தனி வரிசை. இறைவணக்கத்தில் அவர்கள் பெயரை மைக்கில் வாசித்தார். கெட்ட மனிதர் இல்லை. பதற்றத்தில் அவர் ஒரே பெயரை இரண்டு தடவை வாசித்ததை நீதான் எனக்குக் காட்டினாய்.

"தோ பாரு, அவருக்கும் பரீட்சைதான்" என்றாய்.

அரையாண்டு விடைத்தாள் கொடுத்த நாள். சிவப்பு வரிசைப் பிள்ளைகள் மறுநாள் அம்மா அப்பாவோடுதான் வரவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. சாயங்காலச் சிறப்பு வகுப்புக்குள் நுழைந்தேன். மூன்றாவது பெஞ்சில் மோனிஷாவின் பை இருந்தது. மோனிஷா இல்லை. சிவப்பு வரிசைப் பிள்ளை, வாயைத் திறந்தே பேசாத பெண். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மா நாத்து நடவும் களை எடுக்கவும் போகிறவள். பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்துக் கணக்கை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்தும் பை மட்டுமே இருந்தது.

பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

"கோட்டைக்குப் போறேன்னு சொன்னா மிஸ். நீ வராதேன்னா. இனிமே எனக்குக் கணக்கே வாணாண்டின்னா."

ஊருக்கு வெளியே மலையும் குளமுமாகக் கிடக்கும் பழைய கோட்டை அது. உன் வகுப்புக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் நீ ஸ்பிரிட் விளக்கை மூடி அணைத்துவிட்டாய். பிள்ளைகளைத் தமிழ் ஐயாவிடம் விட்டுவிட்டு உன் ஸ்கூட்டியில் கிளம்பினோம். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு லாரி நம்மை ஒட்டிப் போனது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க அம்மாவுக்குப் போன் போடு மேத்ஸ்" என்றாய். போனைக் கையில் வைத்திருந்தேன். விரல் எண்ணில் படியவில்லை. என்னவென்று சொல்வது அந்தத் தாயிடம்?

கோட்டை வாசலில் காவல்காரர் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல் டிரஸ்ல ஒரு பொண்ணு போச்சும்மா. திரும்பிச்சான்னு நான் கவனிக்கல."

"மலைமேல ஏறிட்டாளா?" என்றேன்.

"மலைக்கு வழிய அப்பவே மூடிட்டோம்மா. மேல போயிருக்க முடியாது."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். நீ விடவில்லை. உன் கண் குளத்துப் பக்கம் போயிருந்தது. யானைக் குளத்துப் படியில் நீ முன்னால் இறங்கினாய். பச்சைப் பாசி படிந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓரத்தில் ஒரு செருப்பு மிதந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ குனிந்து, ஒரு குச்சியால் அதைத் தள்ளித் திருப்பிப் பார்த்தாய்.

"எழுந்திரு. ஆம்பள செருப்புடி இது. எழுந்திரு மேத்ஸ்."

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. "மோனிஷா!" என்று நீ கத்தினால் பாறை திருப்பிக் கத்தியது. குரங்குகள் மதில்மேல் ஓடின. கல்யாண மகாலைச் சுற்றி வந்தோம், இல்லை. குதிரை லாயத்தில் இல்லை. காவல்காரர் டார்ச்சோடு மறுபக்கம் போனார். களஞ்சியத்தின் வாசலில் நீ சட்டென்று நின்று என் வாயைப் பொத்தினாய். உள்ளே இருட்டு. வௌவால் நாற்றம். அதற்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம்.

சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அடிக்கப் போனேனா, கட்டிக்கொள்ளப் போனேனா என்று இப்போதும் தெரியாது. நீ என்னைத் தடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் அந்த எச்சத் தரையிலேயே உட்கார்ந்தாய். அவள் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாய். பிறகு, "மத்தியானம் சாப்டியா?" என்றாய்.

இல்லை என்று தலையாட்டினாள். "அம்மாவக் கூப்டாதீங்க மிஸ். ஒருநாள் கூலி போயிடும். எல்லார் முன்னாடியும் அத நிக்க வைப்பாங்க மிஸ்."

"நிக்க வைக்க மாட்டாங்க. நான் சொல்றேன். கணக்குல இன்னா உனக்கு வரல?"

"மைனஸ் மிஸ்."

"மைனஸா?"

"மைனஸ் வந்தா ஒண்ணும் புரியாது மிஸ். நான் ஆறாங்கிளாஸ் போவவே இல்ல. கொரோனா. வீட்ல போன் இல்ல. ஏழாவதுல போயி உக்காந்தப்ப எல்லாரும் மைனஸ் போட்டுட்டு இருந்தாங்க. கேக்க பயமா இருந்துச்சு. அப்பலேர்ந்து பாத்துதான் எழுதறேன்."

இருட்டில் உன் முகம் தெரியவில்லை. ஆனால் என் கையைத் தேடிப் பிடித்து நீ அழுத்தினாய். வலித்தது. அவளுக்கு வேண்டியது நான்கு வருடத்துக்கு முந்தின பாடம். அதற்கு நாம் காலையிலும் மாலையிலும் இருபடிச் சமன்பாட்டைப் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

பள்ளி வாசலுக்குத் திரும்பியபோது சேறு காயாத காலோடு அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகளைப் பார்த்ததும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தரையில் சரிந்து, அவள் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். தலைமை ஆசிரியர் இரும்புக் கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

"விஷயம் வெளிய போவ வேணாம் மிஸ்" என்றார்.

"போவணும் சார்" என்றாய் நீ.

அடுத்த ஆய்வுக் கூட்டம். பெரிய ஹால். சிவப்புப் பள்ளிகள் எழுந்து நின்றன. நம் பள்ளியைக் கேட்டதும் தலைமை ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் நீ மைக்கை வாங்கிவிட்டாய். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே பேசினாய்.

"சார், போன வாரம் ஒரு பொண்ணத் தேடிக்கிட்டு நாங்க கோட்டைக்குப் போனோம். கொளத்துல பாத்தோம் சார். உயிரோட கெடச்சா, அதனால இங்க நிக்கறோம். அவளுக்குப் பத்தாவது கணக்கு வரலன்னு நாங்க அதையே ரெண்டு வேளையும் நடத்தறோம். அவ நின்னுபோனது ஆறாவதுல. வகுப்புல பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க. அவங்க எங்க நின்னாங்களோ அங்கேர்ந்து நடத்த எங்களுக்கு டைம் குடுங்க. செவப்பு எங்களுக்கே இருக்கட்டும் சார். பிள்ளைங்களுக்கு வேணாம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "உக்காருங்கம்மா" என்றார். அடுத்த பள்ளியைக் கூப்பிட்டார்.

உட்கார்ந்த பிறகு என் காதில் சொன்னாய்: "மேத்ஸ், நான் இன்னா பேசிட்டேன்? எப்டி வெளிய போறது?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாய். "பயத்துல வயிறு கலக்குது" என்றாய். மெமோ வரும், மாறுதல் வரும் என்று ஒவ்வொரு நாளும் தபாலைப் பார்த்தோம். நீ சாப்பிடுவது குறைந்தது. உன் ரவிக்கை தொளதொளத்தது. இதற்கும் பயம் என்றே நாம் இருவரும் பெயர் வைத்தோம். அதற்கு வேறு பெயர் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

மெமோ வரவில்லை. ஒரு காலையில் அந்த அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று நாம் இருவரும் சேர்ந்து வகுப்பெடுத்துக்கொண்டிருந்தோம். நீ ஐஸ்கட்டியும் உப்பும் கலந்து அதில் தெர்மாமீட்டரை வைத்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினாய். நான் அதையே எண்கோடாகப் பலகையில் வரைந்தேன். "கீழ போறதுதான் மைனஸ். அவ்ளோதான். அதுக்கா பயந்தீங்க?" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். மோனிஷா சிரிக்கவில்லை, தெர்மாமீட்டருக்குக் கிட்டே போய் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி மணி அடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனார். அன்றும் நமக்குப் பயம்தான்.

சில வாரம் கழித்து எல்லாப் பள்ளிக்கும் உத்தரவு வந்தது. தினமும் ஒரு பாடவேளை, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்து தொடங்கவேண்டும். பிள்ளைகளை நிறம் பிரிக்கக் கூடாது. அதில் உன் பெயர் இல்லை. நீ அதை இரண்டு முறை படித்துவிட்டு, "டீ சொல்லு" என்றாய்.

தேர்வு முடிவு வந்த அன்று நீ புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். நான் போனில் கத்தினேன்: "சயின்ஸ், மோனிஷா பாஸ்! நம்ம ஸ்கூல் மஞ்சளுக்கு வந்துடுச்சு!" நீ சிரித்த சத்தம் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு கேட்டாய்.

"பாஸானவங்கள விடு. பரீட்சைக்கே வராதவங்க எத்தினி பேரு? அவங்க எங்க?"

அவர்களை நான் எண்ணியிருக்கவில்லை. "போயி பாரு" என்றாய். அடுத்த வாரமே போனேன். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருவன் திருப்பூர் போயிருந்தான். ஒருத்தி வீட்டில்தான் இருந்தாள். பேசிப் பேசித் துணைத்தேர்வு எழுதவைத்தேன். உன்னிடம் வந்து சொன்னபோது கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டாய். அன்றுதான் உன்னைக் கேட்டேன், உனக்குப் பயமே இல்லையா என்று.

"பயமா? கை காலெல்லாம் பயம். அந்தக் கொளத்துல எறங்கனப்ப நான் செத்தேபோயிட்டேன். மெமோவுக்கு பயந்து பயந்து, பயப்பட வேண்டியதுக்கு பயப்படாம இருந்துட்டோம் பாரு."

ஐப்பசி மழையில் உன்னை எடுத்துப்போனார்கள். மோனிஷா வந்திருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்கு இல்லாத பிரிவுதான். நீ இருந்தால் அதற்கும் சிரித்திருப்பாய்.

இதை நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று உனக்குச் சொல்லவேண்டும். தளவானூர் போகும் பஸ்ஸில். நேற்று மறுபடியும் அரையாண்டு விடைத்தாள் கொடுத்தேன். வகுப்பில் யாரையும் திட்டவில்லை, யார் பெயரையும் மைக்கில் வாசிக்கவில்லை. அப்படியும் இன்று கடைசி பெஞ்சில் சத்யாவின் இடம் காலியாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். இருக்கலாம். அவள் அம்மாவின் போன் அணைந்து கிடக்கிறது. மணி அடித்ததும் அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். தலைமை ஆசிரியர், "நாளைக்குப் பாத்துக்கலாமே மிஸ்" என்றார். என்னால் முடியவில்லை. காலியான பெஞ்சைப் பார்த்தால் அந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைக்க முடியாது. என் வீட்டுக்காரர் இதை வியாதி என்கிறார். நீ எனக்கு விட்டுப்போனது இதுதான். இது குணமாக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பஸ் நின்றுவிட்டது. சத்யா வீடு எது என்று யாரிடமாவது கேட்கவேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, சயின்ஸ். இறங்குகிறேன்.