கார்த்திகைக் கூட்டத்தை எண்ணியது

பிப். 12, வியாழன்

இருபத்து மூன்று வருடமாக, வானத்தில் நான் எதைக் காட்டினாலும் "ஆமா, தெரியுது" என்றாரே இவர், அப்போதெல்லாம் எதைப் பார்த்தார்? எனக்குத் தெரியவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி, போதாததற்குப் புரை. இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்.

நாளை மாலை திருக்காட்டுப்பள்ளி, கொழுந்தன் சேவியரின் வயல். சம்பா அறுத்தாயிற்று, தரை காய்ந்துவிட்டது. அமாவாசை நெருக்கம், மேகம் இல்லை. எடுக்க: டெண்ட் (மகள் ஷீபா வாங்கியது, இன்னும் பிரிக்கவில்லை), தார்ப்பாய், கொசுவர்த்தி, புளிசாதம்.

இவர் சட்டையை இஸ்திரி போடுகிறார். வயலில் படுக்க!

பிப். 13, வெள்ளி

டெண்டைப் பார்த்ததும் சேவியருக்குச் சிரிப்பு. "வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு. இதுக்குள்ள எதுக்கு அண்ணி படுக்கணும்?"

"சித்தப்பா, இது கேம்பிங்" என்றாள் ஷீபா.

"காவலுக்கு நாங்க வயல்ல படுக்குறதும் அதுதாம்மா. பேருதான் தெரியாமப் போச்சு."

7 மணி. பக்கத்து வயலில் அறுவடை மெஷின், விளக்கு நேராக எங்கள் முகத்தில். சேவியர் கத்தினார்: "அண்ணே, லைட்டைக் கொஞ்சம் அணைங்க, நட்சத்திரம் பாக்கணும்!"

டிரைவர்: "அணைச்சிட்டு எதை அறுக்குறது, உங்க நட்சத்திரத்தையா?"

8.10. மெஷின் போனது. என்ன இருட்டு! என்ன கூட்டம்!

இவர் தார்ப்பாயில் மல்லாந்து படுத்தார். பிறகு மெதுவாக, "எல்லாம் தனித்தனியா இருக்கே."

வாய்வார்த்தையை நான் நம்புவதாக இல்லை. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம்? பேசாமல் எழுத வேண்டும்.

ஷீபா 7. சேவியர் 6. நான் 6. இவர் 7. எண் மட்டுமல்ல, புள்ளி புள்ளியாகப் படமே போட்டிருந்தார். ஷீபாவின் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்!

"அப்பா பாஸ்!" என்று குதித்தாள். சேவியர் விசிலடித்தார். எல்லார் முன்னாலும் இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நானா!

இது இங்கே மட்டும்: என் 6 எண்ணியது அல்ல, எப்போதோ புத்தகத்தில் படித்தது. எனக்கு அங்கே தெரிந்தது ஒரு சாம்பல் திட்டு. அறுப்புத் தூசி என்றிருந்தேன். மற்ற மூவருக்கும் அதே தூசிதானே.

டெண்டுக்குள் இவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்புறம் ஏன் ஆறுன்னு எழுதின?"

"பரீட்சை வெச்சவளே ஃபெயிலானா எப்படிங்க?"

சிரித்துச் சிரித்து இவருக்கு இருமலே வந்துவிட்டது. "காலையில மொத வேலை, கண் டாக்டர்."

பிப். 14, சனி

போனோம். தஞ்சாவூர், இவருக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பம். இப்போதைக்குக் கண்ணாடி மாற்றினால் போதுமாம். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் இவர் துண்டுச்சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். என் கண்ணில் மருந்து விட்டதில் வெளியே ஒரே கூசல். கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தார். எழுத்து இன்னும் மங்கல்; இதையும் குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன்.