சுவர்ப் பயிற்சி

பிப்ரவரி 6, வியாழன்

மைதானத்துப் பனியை வழித்துத் தள்ளியாகிவிட்டது. ஆனாலும் ஓரத்தில் முழங்கால் உயரம் கிடக்கிறது. இந்தக் குளிரில் ரப்பர் பந்து கல்லாகிவிடும். வலைமட்டையால் பந்தை வீசி ஆடும் லாக்ரோஸில், பந்தைச் சும்மாவே உடம்பில் வாங்க முடியாது. இந்த நாளில்தான் மேடக்குக்குச் சுவர்ப் பயிற்சி வேண்டுமாம். தலைமைப் பயிற்சியாளர் ஆயிற்றே, யார் மறுத்துப் பேசுவது?

வியாழன் என்றால் சுவர். தடுப்பு ஆட்டக்காரன் வலைமட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவன் கோல் வலையைப் பார்த்து முழு வேகத்தில் அடிப்பான். இவன் குறுக்கே பாய்ந்து உடம்பால் நிறுத்த வேண்டும். தடுப்புக்குப் பயிற்சியாளன் என்று சம்பளம் வாங்குவது நான். சுவரை நடத்துவது மட்டும் அவர்.

தடுப்பு ஆடும் கோல்பி இன்று மூன்று பந்தை உடம்பில் வாங்கினான். தொடை, விலா, தோள்.

"வலிக்குதாடா?" என்றார் மேடக்.

"இல்ல கோச்."

"பொய் சொல்றான் பாரு. இவனைத்தான் எனக்குப் புடிச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 15, சனி

முதல் ஆட்டம், வெற்றி. செங்கல் கோல்பிக்குப் போனது. உடம்பால் அதிகப் பந்தை நிறுத்தியவனுக்கு மேடக் கொடுக்கும் பரிசு அது. பழைய உடற்பயிற்சிக் கூடத்தை இடித்தபோது எடுத்த கல். வாங்கியவன் ஒரு வாரம் அதைத் தூக்கிக்கொண்டே திரிய வேண்டும்: வகுப்பு, சாப்பாட்டுக் கூடம், எங்கே போனாலும். கோல்பி அதைக் கைக்குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

உடை மாற்றும் அறையில் கோல்பியின் தோள்கவசம் சூடேற்றி மேல் காய்ந்துகொண்டிருந்தது. தள்ளி வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். இடது பக்கம் ஓட்டை. உள்ளங்கை அகலத்துக்கு, இதயத்துக்கு நேரே இருக்க வேண்டிய கெட்டித் தட்டைக் காணோம். கத்தரியால் வெட்டி எடுத்து, மேல்துணியை மடித்துத் தைத்திருக்கிறார்கள். சட்டைக்குள் போட்டால் நடுவருக்கு ஒன்றும் தெரியாது.

"என்னடா இது?"

"தடுப்புல எல்லாரும் வெட்டிட்டோம் கோச். தட்டு இருந்தா கையத் தூக்க வரல. ஓடும்போது கழுத்துல வேற இடிக்குது."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். ஏற்கெனவே கட்டிய நாடா அது. "கத்தரிய வயோலா கோச்தான் குடுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம்."

எனக்குத் தெரியாது. என் பசங்கள், என் தடுப்பு, எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது கதை.

பிப்ரவரி 19, புதன்

மேடக்கின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். முன்வரிசைக்குப் பயிற்சி தரும் வயோலா, கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டான். விரலை நக்கிவிட்டுச் சிரித்தான்.

"நீ ஆடுறப்ப வெட்டலையாப்பா? பெரிய உத்தமன் மாதிரி பேசுற!"

"தட்டு போடணும்னு அப்ப விதி கிடையாது."

"இதயமும் அப்ப இல்லையோ?"

மேடக் சன்னலைப் பார்த்தபடியே பேசினார். "ரஸ், நாங்க ஆடுன காலத்துல தோள்ல பஞ்சு மட்டுந்தான் இருந்துச்சு. ஒருத்தனும் சாகல. சரி, உனக்கு மனசு உறுத்துது. சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும். திங்கக்கிழமை எல்லாருக்கும் புதுசு போட்டுடலாம்."

"இன்னிக்கே சொல்லிடலாமே கோச்?"

அப்போதுதான் திரும்பினார். "மே மாசம் நான் போறேன். இந்தக் குழுவ உன் கையில குடுக்குறதா, இவன் கையில குடுக்குறதான்னு இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். புதுக் கவசத்தோட பசங்க தடுமாறி ஒரு ஆட்டம் போச்சுன்னா, அது யாரு கணக்குல சேரும்?"

பிறகு குரலைத் தணித்து, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார்.

காயங்களைக் கவனிக்கும் நடீனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருத்தனையும் களத்தில் இறங்க விடமாட்டாள். அவள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சனிக்கிழமை ஜெயித்தோம். இன்று திங்கட்கிழமை. கவசத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கோல்பியின் அம்மா போனில் கூப்பிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அவனை எங்கள் கல்லூரிக்குக் கேட்டு வீட்டுக்கே போனது நான். அன்று மிளகாய் போட்ட கோழி பாஸ்தாவை மூன்று முறை தட்டில் வைத்தாள். வேறு இரண்டு கல்லூரிகள் கூப்பிட்டும் என் பேச்சை நம்பித்தான் அனுப்பினாள்.

"செங்கலோட போட்டோ அனுப்பினான், சிரிச்சு சிரிச்சு வயித்த வலிக்குது," என்றாள். பிறகு, "சட்டை போடாம ஒரு போட்டோ, அதுல நெஞ்சுல நீலமா ஒரு தடம் இருக்கே, பரவால்லையா?"

"தடுப்பு ஆடுறவனுக்கு அது சகஜம்."

"நீங்க சொன்னா சரிதான்."

போனை வைத்த பிறகும் அந்தத் தடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறென்ன. நாளை நடீனிடம் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 3, திங்கள்

நடீன் ஊரில் இல்லை. மகளிர் அணியோடு வெளியூர் போயிருக்கிறாள். போனில் சொல்கிற விஷயமா இது? புதன்கிழமை வந்துவிடுவாள்.

மார்ச் 5, புதன்

வந்துவிட்டாள். மேடக்கோடு பேசிக்கொண்டிருந்தாள். தனியாகப் பிடிக்க முடியவில்லை — இது பொய். தனியாகத்தான் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்து போனாள்.

மார்ச் 6

கோல்பி. நெஞ்சில்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு இருக்கிறது என்கிறார்கள். கண் திறக்கவில்லை. கடவுளே, கடவுளே, என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நானே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

சுவர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மேடக் "கடைசிப் பந்து" என்றார். கோல்பி மட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். பந்து நெஞ்சில் பட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. தலையணையைக் குத்தியது போல.

எல்லோரும் கை தட்டினோம். இங்கே அதுதான் வழக்கம். யாராவது உடம்பால் நிறுத்தினால் மட்டையால் தரையைத் தட்டிக் கூச்சல் போடுவோம். அவன் இரண்டு அடி எடுத்து வைத்தான், பந்தைத் தேடுகிறவன் போல. பிறகு முகம் குப்புற விழுந்தான். அப்போதும் தட்டிக்கொண்டிருந்தோம். அவன் நடிக்கிறான் என்று யாரோ சிரித்தார்கள். "எழுந்திருடா செங்கல்!" என்று வயோலா கத்தினான். நான் — நான் நின்றுகொண்டிருந்தேன், கை தட்டுகிற நிலையிலேயே.

நடீன் மட்டும்தான் ஓடினாள். கூரையடியில் மாட்டியிருந்த இதயத்துக்கான மின் அதிர்வுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தாள். "ரஸ்! நெஞ்ச அழுத்து! நெஞ்ச அழுத்துயா!" அழுத்தினேன். சட்டையைக் கிழித்தபோது கவசத்து ஓட்டையை அவள் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். கருவியின் பட்டைகளை அவன் நெஞ்சில் ஒட்டினாள். முதல் அதிர்வுக்கு அசையவில்லை. இரண்டாவதுக்கு இருமினான்.

மார்ச் 8, சனி

கண் திறந்துவிட்டான். பேசுகிறான்.

டாக்டரிடம் கேட்டேன். அடியின் பலமல்ல, பட்ட நேரம்தான் என்கிறார். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்பொழுது உண்டாம், அதில் பட்டால் இதயம் குழம்பி நின்றுவிடுமாம்.

"அந்தத் தட்டு இருந்திருந்தா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. வாய்ப்பு கம்மியாயிருக்கும்."

நிச்சயமாகச் சொல்ல முடியாது. நாள் முழுக்க இந்த வரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் அம்மா தாழ்வாரத்தில் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்கதான் நெஞ்ச அழுத்துனீங்களாமே. எம் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தது நீங்கதான்." என் தோள் நனைந்துபோனது. அறைந்திருக்கலாம். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

நாளை கல்லூரி விசாரணை. வயோலா என் காருக்குள் வந்து உட்கார்ந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. தூங்கியிருக்கமாட்டான்.

"பசங்க தாங்களா வெட்டிக்கிட்டாங்க. நமக்குத் தெரியாது. சரியா?"

"கத்தரி நீ குடுத்தது."

"உனக்கு எப்பத் தெரியும்? மூணு வாரத்துக்கு முன்னாடியே தெரியும். நான் மூழ்குனா தனியா மூழ்க மாட்டேன் ரஸ்."

வண்டிச் சாவியைத் திருகினேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இறங்கினான்.

மார்ச் 12, புதன்

எங்கள் மூவரையும் தனித்தனியாகக் கூப்பிடவில்லை. ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். கவசம் வெட்டப்பட்டது யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். வயோலா மேசையைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்லத் திறந்தேன் என்று இப்போதுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மேடக் முந்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பசங்க ரெண்டு பேரும் நான் சொன்னதச் செஞ்சாங்க."

வெளியே வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது: "எப்படியும் மே மாசம் போறவந்தானே. போய் ஆட்டத்தப் பாரு."

நன்றி என்று சொன்னேன். நன்றியாம்.

மார்ச் 17, திங்கள்

மேடக்கை அனுப்பிவிட்டார்கள். மீதிப் பருவத்துக்கு நான்தான் தலைமைப் பயிற்சியாளர். வயோலாவுக்கு எப்படியும் கிடைத்திருக்காது என்று என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்கள்.

நடீன் என்னோடு வேலை விஷயம் மட்டும் பேசுகிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

வந்ததும் செய்தது: சுவர்ப் பயிற்சி கிடையாது, இனி எப்போதும் கிடையாது. செங்கலை நானே குப்பை வண்டியில் போட்டேன். எல்லோருக்கும் புதுக் கவசம். களம் இறங்கும் முன் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவன் நெஞ்சிலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறேன். தட்டு உள்ளே இருந்தால் கதவைத் தட்டுவது போல டக்கென்று கேட்கும். பசங்க "யாரு வீட்ல?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

ஏப்ரல் 5, சனி

கோல்பியைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். இளைத்துவிட்டான். இனி வாழ்நாளில் ஆடக்கூடாது. போர்வையை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தான்.

"கோச், அந்தப் பந்த நான் நிறுத்துனேனா? யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

"நிறுத்தினடா."

அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, காருக்கு வந்து அழுதேன்.

இன்றைய ஆட்டம் தோல்வி. போன இரண்டும் தோல்வி. எதிராளி அடிக்கும்போது பசங்க தள்ளி நின்று வழி விடுகிறார்கள்.

ஏப்ரல் 19, சனி

மறுபடி வெற்றி. தட்டைச் சோதிப்பதை மட்டும் விடவில்லை. ஒருத்தனையும் விடவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

எப்படியோ இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். கல்லூரித் தரப்பிலிருந்து பேசினார்கள். கோப்பை வந்தால் வேலையை நிரந்தரமாக்குவது சுலபமாம். வராவிட்டால் வெளியிலும் ஆள் பார்ப்பார்களாம். ரொம்ப இனிமையாகத்தான் சொன்னார்கள்.

கோல்பியின் இடத்தில் ஆடும் எமெட் இன்று என்னிடம் வந்தான். "எதிரணிப் பசங்க ரொம்ப வேகம் கோச். இந்தத் தட்டப் போட்டுக்கிட்டு கை எட்டல."

"போட்டுத்தான் ஆகணும்," என்றேன்.

மே 3, சனி

பத்துக்கு ஒன்பது. கோப்பை வந்துவிட்டது. என் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். இன்னும் காது அடைத்திருக்கிறது.

கடைசி நொடிகளில் அவர்கள் அடித்த பந்தை எமெட் நெஞ்சால் நிறுத்தினான். மைதானமே எழுந்து நின்று கை தட்டியது. நான் தட்டவில்லை. அவன் அடுத்த அடி எடுத்து வைக்கும்வரை எனக்கு மூச்சே இல்லை. எடுத்து வைத்தான். ஓடினான். நடீன் பாதி தூரம் ஓடிவந்து நின்றுவிட்டாள். பிறகு கருவியைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கம் பார்த்தாள். நான் கோப்பை வாங்கப் போனேன்.

மதியம், ஆட்டத்துக்கு முன்னால், வழக்கம்போல வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தேன். எமெட்டின் நெஞ்சில் தட்டியபோது சத்தம் வரவில்லை. பஞ்சில் தட்டியது போல இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் அடுத்தவனைத் தட்டப் போனேன்.