பாறைமுனியின் வேட்டி

பழங்காநத்தம்,
12.1.2025

அண்ணே,

போன் பண்ணினால் எடுக்க மாட்டேங்கிறீர்கள். சின்னத்தாய் மதினி எடுத்தாலும் "அவுக கோவமா இருக்காக" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆமாம், பாறைமுனியின் வேட்டியை அவிழ்த்தது நான்தான். கம்பெனி வேலையாக மலையை லேசர் ஸ்கேன் எடுக்க வந்தோம். துணி மறைத்தால் அளவு சரியாக வராது. அவிழ்த்தேன், எடுத்தேன், திரும்பக் கட்டிவிட்டேன். இதற்கு ஊரே கூடிப் பேச என்ன இருக்கிறது?

மாசிக்கு மாசி நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு போய்ப் புது வேட்டி கட்டிவிடுகிறீர்களே, அந்தத் துணிக்குள் நிற்பது முனி இல்லை. சமணத் தீர்த்தங்கரர். அம்மணமாக, இரண்டு கையையும் தொங்கவிட்டு நிற்கிறார். தலைக்கு மேல் ஐந்துதலை நாகம். காலடியில் வட்டெழுத்து. ஆயிரம் வருஷமாவது இருக்கும். எறும்பை மிதிக்கவே யோசிக்கிற சாமியாருக்குக் கிடா வெட்டிக்கொண்டிருக்கிறோம், அண்ணே!

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரோமில் பழைய தேவர்களுக்குக் கட்டிய கோயில் இன்று மாதா கோயில். ஸ்பெயினில் ஒரு மசூதிக்கு நடுவிலேயே சர்ச் நிற்கிறது. உலகம் பூராவும் இப்படித்தான் மாறியிருக்கிறது.

சிலையின் படம் உள்ளே இருக்கிறது, பாருங்கள். தொல்லியல்காரர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி,
ராம்கி

*

எழுமலை,
19.1.2025

தம்பி ராம்கிக்கு அண்ணன் எழுதுறது.

படத்தை மடிச்சது மடிச்சபடி திருப்பி அனுப்பியிருக்கேன். நான் பாக்கலை. பூசாரி பாக்கக்கூடாது.

அம்மணமா நிக்கிறவருக்கு ஒரு வேட்டி கட்டிவிட்டது குத்தமாடா? ரோமுல கோயிலை மாத்துனவன், அதுவரைக்கும் அங்கன கும்பிட்டுக்கிட்டிருந்தவனை என்ன செஞ்சான்? அதை நீ எழுதலையே.

பங்காளிக அம்புட்டுப் பேரும் கொதிச்சுப் போய்க் கிடக்காக. நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன். அறிக்கையை அனுப்பாத. அனுப்புனா வேலியைப் போட்டு, சூடம் கொளுத்தாதே, பொங்கல் வைக்காதேம்பான். மாசிக்கு முன்னால வந்து சாமி முன்னால விழுந்து எந்திரி. அம்புட்டுத்தான், முடிஞ்சு போச்சு. உன் மகளாட்டம் வளந்த என் மக ஒச்சாயி, "சித்தப்பா வரட்டும், எவன் பேசுறான்னு பாப்போம்"னு வாசல்ல நின்னு கத்துறா.

வாரேன்னு ஒரு வரி எழுது.

அண்ணன்,
முத்துக்கருப்பன்

*

பழங்காநத்தம்,
27.1.2025

அண்ணே,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அறிக்கையை அனுப்பிவிட்டேன். தள்ளிப்போட்டால் அப்புறம் என்னால் முடியாது.

ஸ்கேன் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? தெற்குப் பக்கம் வெடி வைக்கிற குவாரிக்காரனுக்கு. மலையை இந்தப் பக்கமும் உடைக்க அனுமதி கேட்கிறான். இப்போதே சாமிக்குப் பின்னால் விரிசல் ஓடுகிறது. வேலி வந்தால் பாறை மிஞ்சும். வராவிட்டால் முனியும் ஜல்லி, தீர்த்தங்கரரும் ஜல்லி. இது தெரிந்தால் கம்பெனி என்னை வெளியே அனுப்பும். அது என் பாடு.

விழுந்து எழ மாட்டேன். தப்புச் செய்தவன் விழட்டும். கிடாயை விட்டுவிட்டுப் பொங்கல் மட்டும் வைப்பதாக இருந்தால் சொல்லுங்கள், அதற்கு அனுமதி வாங்கப் பார்க்கிறேன். அதற்குமேல் நான் என்ன செய்ய?

ராம்கி

*

எழுமலை,
3.3.2025

ராம்கிக்கு,

வேலி போட்டு போர்டும் வச்சுட்டாக. வெடிச்சத்தம் நின்னுருச்சு. அது உன்னாலதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். வேலை போனதையும் கேள்விப்பட்டேன்.

திருவிழாவுக்கு முதநாள் பங்காளிக எல்லாரும் வேலிக்கு வெளியே நின்னோம். காவக்காரர் நல்ல மனுசன், என்னைய மட்டும் உள்ள விட்டாரு. தொல்லியல்காரவுகளே வேட்டியை அவுத்து ஓரமாப் போட்டிருக்காகன்னு சொன்னாரு. கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் போனேன். காலடி மண்ணை ஒரு பிடி அள்ளி, மஞ்சத்துணியில முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

வேற இடத்துல பீடம் போட்டு அந்தப் பிடிமண்ணை வச்சாச்சு. இனிமே எங்க சாமி அங்கனதான். கிடாயும் அங்கனதான் வெட்டுனோம். பாறையில நிக்கிறவரு நீ சொன்ன ஆளாவே இருக்கட்டும், பத்திரமாப் பாத்துக்கங்க. புது இடம் எங்கன்னு எழுதலை. எழுதுனா அதையும் அளந்துருவ.

மண்ணை வைக்கையில வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்து அதுமேல கை வைக்கணும், அப்பத்தான் பங்காளி. உன் வீட்டுப் பேரைக் கூப்பிட்டாக. நீ வரலை, உனக்காக நான் கை வைப்பேனான்னு எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாக. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அடுத்த வீட்டைக் கூப்பிட்டுட்டாக.

முத்துக்கருப்பன்