தசரா செட்டு போட்ட ஸ்டார்

செப்டம்பர் 3, புதன்

கோயம்புத்தூரிலிருந்து இந்துமதி மேடம் கூப்பிட்டார்கள். குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற பதிப்பகம். நான் அனுப்பிய மாதிரி அட்டைகள் ரொம்பப் பிடித்துவிட்டதாம். வருடம் முழுக்க வேலை இருக்குமாம். நிஜமாகவா? காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரார் தலைகளை வெட்டி ஒட்டியே இத்தனை வருடம் போய்விட்டது. ஒரு யானையை வரையச் சொல்லி யாராவது எனக்குக் காசு தருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரே ஒரு விஷயம். "மேனேஜ்மென்ட்ல ஆன்லைன் ரேட்டிங் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க பானு. உங்களுக்கு நல்லாத்தானுங்களே இருக்கு?"

நன்றாகத்தான் இருக்கிறது. மேப்பில் 'பானு டிசைன்ஸ், மாப்பிள்ளையூரணி' என்று தட்டினால் நாலு புள்ளி எட்டு ஸ்டார். தினம் ஒரு தடவை நானே தட்டிப் பார்ப்பேன். வெட்கக்கேடுதான், ஆனால் பார்ப்பேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வன்னியபெருமாள் அண்ணாச்சி போன். சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை. தசராவுக்கு வேஷம் கட்டிக் குலசை அம்மன் கோயிலுக்குக் கூட்டமாகப் போகிற செட்டுக்கு அவர்தான் தலைவர். பிளக்ஸ், நோட்டீஸ் எல்லாம் நான்தான் செய்ய வேண்டுமாம். அவர் சொன்ன தொகைக்குக் கரண்டு பில் கூடக் கட்ட முடியாது. இழுத்தேன்.

"அம்மன் காரியம்லா தாயி? இதுல போயி பேரம் பேசுவியா?"

அம்மன் பெயரைச் சொன்ன பிறகு எவளால் பேச முடியும்? சரி என்றேன். என் வாயை எதைக்கொண்டு அடிப்பது!

செப்டம்பர் 10, புதன்

பிளக்ஸில் போட வேண்டிய செட்டுக்காரர்களின் தலைகள் வாட்ஸப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவர் கல்யாண போட்டோவிலிருந்து தன்னை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார். தோளில் பொண்டாட்டி கை மட்டும் மிச்சம். அதை அழி என்கிறார். இன்னொருவருக்குத் தன் தலை பக்கத்துத் தலையைவிடச் சின்னதாம். அளந்து பார்த்தாராம். ஸ்கேல் வைத்து, போன்மேல்!

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றைக்கும் தலை மாற்றம்தான். யானை வரைய உட்கார்ந்தேன், தும்பிக்கை வரைக்கும்தான் வந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

நடுவில் பெரிய படம் காளிக்கு. செட்டில் காளி வேஷம் கட்டுகிறவர் சொரிமுத்து. கொத்தனார், ஆள் நல்ல ஆகிருதி. அவர் காளியாக நின்றால் குழந்தைகள் அழும். இந்த வருடப் படம் இருக்கிறதா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "போன வருசத்தையே போட்டுரு தாயி, காளின்னா காளிதானே" என்று குரல் பதிவு அனுப்பினார். போட்டேன். முடித்துச் செட்டுக் குரூப்பில் அனுப்பினேன். ஓகே, ஓகே, கும்பிடு, கும்பிடு என்று வரிசையாக வந்தது. அப்பாடா.

செப்டம்பர் 19, வெள்ளி

நாசமாப் போச்சு.

சொரிமுத்து வீட்டில் ஆவணியில் ஒரு சாவு. பெரியப்பா மகன். தீட்டு என்பதால் அவர் இந்த வருடம் விரத மாலையே போடவில்லை. காளி கட்டப் போவது அண்ணாச்சியின் மருமகன். இதை யாராவது என்னிடம் சொன்னார்களா? ஒருத்தர்? ஒரு வார்த்தை? குரூப்பில் எல்லாரும் அவரவர் தலையைத்தான் பார்த்திருக்கிறார்கள், நடுவில் இருக்கிற காளியை ஒருத்தரும் பார்க்கவில்லை. பிளக்ஸ் பஜாரில் ஏறிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள்.

தீட்டுக்காரனைக் காளியாக நிறுத்திவிட்டாளாம் ஒருத்தி. அந்த ஒருத்தி நான்தான். மருமகனுக்குக் கோபம், மாலை போட்டவர்களுக்குப் பயம். சொரிமுத்து அண்ணன் பாவம், பிளக்ஸுக்குக் கீழே நின்று அழுதாராம்.

அண்ணாச்சிக்கு அவருடைய குரல் பதிவையே திருப்பி அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

செப்டம்பர் 20, சனி

எல்லாரும் சேர்ந்து ஒத்தை ஸ்டார் போட்டிருக்கிறார்கள். செட்டு மட்டுமில்லை, செட்டுக்குத் தெரிந்தவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் எல்லாம். 'அம்மனை அவமதித்த கடை.' 'வெரி வொர்ஸ்ட்.' ஒருத்தன் 'பார்க்கிங் வசதி இல்லை' என்று எழுதியிருக்கிறான். ஏலே, என் வீட்டுக்குள்ள நீ எதுக்குலே வண்டிய நிறுத்தப் போற?

இரண்டு புள்ளி மூன்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆத்திரத்தில் நானும் பதில் எழுதினேன். 'நீங்கள் சொன்ன படத்தைத்தான் போட்டேன், உங்கள் கண் எங்கே போயிற்று' என்று. அதைப் படம் பிடித்துக் குரூப் குரூப்பாக அனுப்பிவிட்டார்கள். திமிர் பிடித்தவள் என்று புதிதாகக் கொஞ்சம் ஸ்டார். மேப் கம்பெனிக்குப் புகார் கொடுத்துப் பார்த்தேன். விமர்சனங்களில் விதிமீறல் எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் பதில் வந்தது. அங்கே மனுஷன் இருக்கிறானா என்றே தெரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லாரி எடுக்கப் போகும்போது, "விட்டுத் தொலை ஏளா, ஸ்டாரா சோறு போடுது?" என்றார். ஆமாங்க. அதுதான் போடுகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

இந்துமதி மேடத்திடமிருந்து செய்தி. 'என்ன பானு இது? திடீர்னு இப்படி? மேனேஜ்மென்ட் தீபாவளிக்கு அப்புறம்தான் பார்ப்பாங்க. அதுக்குள்ள ஏதாவது செய்ய முடியுமா?'

என்ன செய்ய? நான் என்னத்தச் செய்ய?

செப்டம்பர் 26, வெள்ளி

பஸ் ஏறி சாத்தான்குளம் போனேன். சண்டை போடத்தான் போனேன். வழி நெடுக மனசுக்குள் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டே போனேன். கடையில் அண்ணாச்சி செவ்வாடையும் மாலையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவர் மனைவி சங்கரம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து, "மெலிஞ்சிட்டியே புள்ள" என்றாள். அப்புறம் எங்கே சண்டை போட?

"அந்தப் படத்தப் போடச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி?"

"ஆமா தாயி, நான்தான் சொன்னேன். இல்லங்கல. ஆனா இப்பம் போயி அப்படிச் சொன்னா செட்டு உடைஞ்சிரும்லா. மருமவன் வேற மொறச்சிக்கிட்டு நிக்கான். நீ நம்ம புள்ள, பொறுத்துக்கிடுவன்னு விட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

புது பிளக்ஸ், நன்றி நோட்டீஸ், ஆளுக்கொரு வேஷப்படம், எல்லாம் அம்மனுக்குக் காணிக்கையாக நான் செய்து கொடுத்தால் எல்லாரையும் ஸ்டாரை மாற்றிப் போடச் சொல்வாராம். காணிக்கை என்றால் காசு கிடையாது. தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 2, வியாழன்

குலசையில் இன்றைக்குச் சூரசம்ஹாரம். மொத்த ஜனமும் கடற்கரையில். நான் வீட்டில் குறவன் குறத்தி வேஷங்களுக்குப் பின்னணி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் மனுஷன். நாலு புள்ளி ஒன்பது! முன்னே இருந்ததைவிட அதிகம். மேடத்துக்கு உடனே அனுப்பினேன், கட்டைவிரல் வந்தது. பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 'ரேட்டு ரொம்பக் கம்மி.' 'எத்தனை வாட்டி மாத்தச் சொன்னாலும் மாத்தித் தரும்.' 'காசே வாங்கல, தங்கமான பொண்ணு.' பார்க்கிங்காரன்கூட ஐந்து போட்டிருக்கிறான்.

அக்டோபர் 14, செவ்வாய்

போன் ஓயவில்லை. எல்லாம் காதுகுத்தும் சடங்கும்தான். ரேட்டைச் சொன்னால், "அண்ணாச்சிக்கு சும்மாலா செஞ்சிய? ரிவ்யூல போட்டிருக்கே" என்கிறார்கள். உடன்குடியிலிருந்து ஒருத்தர் முடிவாகச் சொன்னார்: "பாத்துக்கிடுங்கம்மா. எங்களுக்கும் ஸ்டார் போடத் தெரியும்."

அவருக்குச் செய்து கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. முறுக்குச் சுடவில்லை. தலை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இந்துமதி மேடம் கூப்பிட்டார்கள். குரலிலேயே சந்தோஷம்.

"பானு, ஓகே ஆயிருச்சுங்க! உங்க ரிவ்யூ எல்லாத்தையும் எங்க எம்.டி. உக்காந்து படிச்சாருங்க. எத்தனை தடவை மாத்தினாலும் கோபப்பட மாட்டீங்களாமே? இப்படி ஒருத்தரைத்தான் தேடிட்டு இருந்தோம்னு சொன்னாரு."

நன்றி மேடம் என்றேன்.

"அப்புறம்... ரேட் மட்டும் முன்னாடி பேசினது வேண்டாங்கறாருங்க. ஊர்ல எல்லாருக்கும் எப்படிச் செய்யறீங்களோ, அதே மாதிரி நமக்கும் செஞ்சு குடுத்துடச் சொன்னாரு. நானும் சொல்லிப் பார்த்தேன் பானு."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாளைக்கு இவர்களும் ஏதாவது எழுதிவிட்டால்? அந்த நாலு புள்ளி ஒன்பது கண்முன்னால் வந்து நின்றது. "சரிங்க மேடம்" என்றேன்.

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மக்ரூன் வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். வாசலில் நின்று கூட வேலை பார்க்கிற டிரைவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கோயம்புத்தூர் கம்பெனிலே! சும்மாவா? நம்ம பானு யாரு என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்ல மாட்டால்லா!"