மவுராவுக்கு இரண்டு குதிரைகள்

யுவாவும் நகரம்
ஜூலை நடுநாளுக்கு ஐந்து நாள் முன். ஆண்டுக்குப் பெயர் தரும் கான்சல்கள் யாரென்று இங்கே இன்னும் செய்தி இல்லை.

மலைப்பாதை அஞ்சல் லாயத்தின் அதிகாரி உர்சினுஸ் அவர்களுக்கு, மவுரா எழுதுவது.

நீங்கள் நலமாக இருந்தால் நல்லது. நான் நலம், இடது முழங்கால் நீங்கலாக.

பிரிந்து ஐந்து வருடம் கழித்து ஒரு மனைவி எழுதினால் காரணம் இருக்கும். இருக்கிறது.

நகரம் காலியாகிக்கொண்டிருக்கிறது. காவல் படை வசந்தத்தில் கலைந்தது. யாரும் கலைக்கவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொதுக் குளியல் கூடத்தில் இப்போது வெங்காயம் காயப்போடுகிறார்கள். பளிங்குச் சுவர் பழையபடி மினுங்குகிறது. வெங்காயத்துக்கு இவ்வளவு அழகான அறை உலகில் வேறெங்கும் இருக்காது.

அக்டோபர் நடுநாளில் அண்ணன் ஆற்றோடு படகில் வடக்கே போகிறான். அங்கே ஒரு புது அரசன் அண்ணன் போன்ற கொல்லர்களுக்கு நிலம் தருகிறானாம். "நீயும் வா. இங்க யாரு இருக்கா உனக்கு?" என்கிறான். 

நகரசபை எழுத்தர் பெட்டிகளைக் காலி செய்தபோது அஞ்சல் குதிரை பெறுவதற்கான அரசு அனுமதிச் சீட்டு ஒன்று கிடைத்தது. உண்மையான முத்திரை. ஒரு ஆள், வழித்துணை ஒருவன், இரண்டு குதிரை. பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டில் இருக்கும் பேரரசர் இறந்து நான்கு வருடமாகிறது.

ஒன்றுதான் கேட்கிறேன். இது உங்கள் லாயத்தில் செல்லுமா?

மவுரா


மலைப்பாதை லாயம்
ஆகஸ்ட் முதல்நாளுக்கு மூன்று நாள் முன். சென்ற ஆண்டின் கான்சல்களுக்கு மறுவருடம்.

மவுராவுக்கு உர்சினுஸ்.

நான் நலம். முழங்காலுக்கு என்ன என்று நீ எழுதவில்லை.

சீட்டு செல்லாது. பேரரசரோடு அவர் சீட்டும் முடிகிறது. அவருக்குப் பிறகு மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். இப்போது இருப்பவர் நான்காமவர். எழுத்தர் உன் பெயரை எழுதியதும் குற்றம். அதை மேலிடத்துக்கு நான் எழுதவில்லை. சலுகை என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

போன வாரம் ஒரு தளபதியின் மருமகன் வந்தார். அவர் கையிலும் செத்த சீட்டு.

"யோவ், நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்ங்க. சீட்டு இருக்கான்னுதான் கேட்டேன்."

நடந்தே போனார். கிழவன் லூப்போ குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே சொன்னான்: "கட்டின பொண்டாட்டிக்கே குடுக்காத ஆளு. இவருகிட்ட வந்து மருமவன், மச்சான்னுட்டு." மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

நீ நடந்து போன அன்று கேட்டாய்: ஒரு குதிரை குறைந்தால் ரோம் இடிந்துவிடுமா? பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அஞ்சல் குதிரையைத் தடியால் அடிக்கக் கூடாது. நுனியில் சிறு முள் வைத்த மெல்லிய பிரம்பு மட்டும். அதை எழுதிய பேரரசர்கள் பிரிட்டனிலிருந்து எகிப்து வரை ஆண்டவர்கள். போர், பஞ்சம், வாரிசுச் சண்டை. அத்தனைக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்து, தான் ஒருபோதும் பார்க்கப்போகாத மலையில் நிற்கும் ஒரு குதிரையின் முதுகைப் பற்றி யோசித்திருக்கிறார். அந்த யோசனை இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் அதன் கடைசி முனையில் நிற்கிறேன். நான் விட்டால் இங்கே முடிந்துவிடும்.

நாற்பது குதிரை நின்ற இடத்தில் ஆறு நிற்கின்றன.

உன் அப்பா விஷயத்தில் நான் சொல்ல வேண்டியது வேறு. அது எழுத வரவில்லை.

உர்சினுஸ்


யுவாவும்
செப்டம்பர் முதல்நாள். கான்சல்கள் பெயர் இன்னும் வரவில்லை. வெங்காயம் வந்திருக்கிறது.

உர்சினுஸ் அவர்களுக்கு, மவுரா.

உங்கள் கடிதத்தை முதுகில் உப்பு சுமக்கும் வியாபாரி கொண்டுவந்து கொடுத்தார். "உம் புருஷன் வாசல்ல ஆறு குதிரை நிக்குது. கடுதாசி எங்கிட்ட குடுக்குறாரு. எனக்கு என்ன நாலு காலா?" என்றார். சிரித்துவிட்டேன். ஐந்து வருடத்தில் உங்களை நினைத்துச் சிரித்தது அன்றுதான்.

முழங்கால் அந்த நடையில் போனது. அப்பா சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்தது. நான் குதிரை கேட்டேன். நீங்கள் சீட்டு கேட்டீர்கள். ஐந்து நாள் நடந்தேன். அவரை முந்தின நாளே புதைத்திருந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று. யாரிடமும் சொன்னதில்லை.

உங்களை வெறுத்துக்கொண்டே நடந்தேன். பாதையை வெறுக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மழை. தண்ணீர் தேங்கவில்லை, நடுவே மேடாக, இருபுறமும் வழிந்தோட விட்டிருந்தார்கள். செங்குத்தான இறக்கத்தில் பாறையைக் கொத்தி வண்டிச் சக்கரத்துக்குத் தடம் போட்டிருந்தார்கள். கால் வழுக்கிய இடத்திலெல்லாம் பாதத்தை அந்தத் தடத்தில் வைத்து நடந்தேன். அதைக் கொத்தியவர்கள் செத்து முந்நூறு வருடம் இருக்கும். மைல்கல் ஒவ்வொன்றும் நான் எங்கே இருக்கிறேன் என்று சொன்னது. ஒரு பெண், தனியாக, ஐந்து நாள். ஒருவரும் என் மேல் கை வைக்கவில்லை. எதிரே வந்த சிப்பாய்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நீங்கள் எதைக் காதலித்தீர்கள் என்று அந்த நடையில்தான் தெரிந்தது. தெரிந்தபின் திரும்பி வர முடியவில்லை. அதன் பக்கத்தில் நான் சிறியவளாக இருந்தேன்.

இப்போது என்னால் கால் நாள்கூட நடக்க முடியாது. ஊரில் குதிரையே இல்லை. அக்டோபர் நடுநாளில் படகு. அதன்பின் மலையில் பனி.

படகில் ஏறினால் திரும்ப மாட்டேன். மிரட்டல் இல்லை, தகவல்.

மவுரா


மலைப்பாதை லாயம்
அக்டோபர் முதல்நாளுக்கு ஐந்து நாள் முன். ஆண்டை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

என் மவுராவுக்கு.

நேற்று தெற்கேயிருந்து அஞ்சல்காரன் வந்தான். ஆறு மாதத்தில் முதல் அஞ்சல். வழக்கம்போல, யார் பெயரில் சீட்டு என்று கேட்டேன். குதிரையிலிருந்து இறங்காமலே சொன்னான்:

"இனிமே அதக் கேக்காதீங்கண்ணே. பேரரசர இறக்கிட்டாங்க."

"அடுத்தது யாரு?"

"யாருமில்ல. அங்கியையும் முடியையும் கிழக்க இருக்குற பேரரசருக்கே அனுப்பிடப் போறாங்களாம். இந்தப் பக்கத்துக்கு இனி வேற ஆளு வேணாமாம்."

லூப்போ என்னைப் பார்த்தான். "அப்போ இந்தக் குதிரையெல்லாம் யாரோடது?" பதிலையும் அவனே வைத்திருந்தான். "நம்முளுதுதான்யா," என்றான். "அந்தம்மாவக் கூட்டிட்டு வந்துருவோம்."

அஞ்சல்காரன் பையில் எனக்கு ஒரு சீட்டு இருந்தது. பேரரசரின் தலைநகர் ராவென்னாவின் முத்திரை. 'மவுரா, லாய அதிகாரியின் மனைவி. யுவாவும் நகரிலிருந்து தன் வீட்டுக்கு. துணைக்கு ஒருவன். இரண்டு குதிரை.'

நீ நடந்து போன அன்றே நான் விண்ணப்பம் எழுதினேன். அப்போது, தந்தையைப் பார்க்க என்று. அந்தப் பேரரசர் இறந்தார், விண்ணப்பமும் இறந்தது. அடுத்தவருக்கு எழுதினேன். வீடு திரும்ப என்று. அவரும் போனார். ஐந்து முறை எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை. கிடைக்காத ஒன்றைச் சொல்லி என்ன. ஐந்தாவது கிடைத்தது. கொடுத்தவர் பதவி இழந்து மூன்று வாரம் கழித்து என் கைக்கு வந்தது.

செல்லாத சீட்டு. உன் எழுத்தர் கொடுத்தது போலவே.

சட்டம் கொடுத்தவரே இல்லை, ஆகவே தடையும் இல்லை. லூப்போ சொன்னது அதுதான். இரவு முழுக்க யோசித்தேன். அப்படி உனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. கேட்பாரற்ற குதிரையை யாரும் கொடுக்கலாம். அது வழியில் கிடந்ததை எடுத்து நீட்டுவது போல.

சட்டம் இருக்கிறது என்றே முடிவு செய்தேன். அது இருக்கும்போதே மீறினேன். பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்: 'அதிகாரி உர்சினுஸ், காலாவதியான சீட்டுக்கு இரண்டு குதிரை கொடுத்தான். தெரிந்தே கொடுத்தான். காரணம், மனைவி.' கீழே என் கையெழுத்து. விசாரிக்க யாராவது வருவார்கள். வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தக் கடிதத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு லூப்போ குதிரைகளோடு வருகிறான். பழுப்புக் குதிரையில் ஏறு. அது பள்ளத்தில் நிதானமாக இறங்கும்.

உன் அப்பா விஷயம். நான் செய்தது சரி. அதைச் செய்த கையோடு உன்னோடு நானும் நடந்திருக்க வேண்டும். அது தோன்றவில்லை. அதுதான் என் குற்றம்.

உன் உர்சினுஸ்


இரண்டாம் லாயம், பாதி வழி
அக்டோபர் நடுநாளுக்கு இரண்டு நாள் முன்.

என் உர்சினுஸுக்கு.

படகில் ஏறவில்லையா என்று அண்ணன் கேட்டான். சீட்டைக் காட்டினேன். "செல்லாத தாளுக்கா போற?" என்றான். ஆமாம் என்றேன்.

தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். முதல் லாயத்தில் மாற்றுக் குதிரை இல்லை. கதவும் இல்லை. கூரை மட்டும் நன்றாக இருந்தது. அப்படிப்பட்ட கூரையை இனி யார் போடுவார்கள். களைத்த குதிரையை அடுத்த லாயம் வரை ஓட்டக் கூடாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். ஆகவே ஒரு நாள் நின்றோம். இங்கும் ஒரு நாள். பனி ஆரம்பித்துவிட்டது. லூப்போ தடியை எடுத்தான். பிடுங்கிப் போட்டேன். "புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டி. ரெண்டு பேரும் சேந்து என்னைப் பனியில சாவடிங்க," என்று திட்டினான். பிறகு தன் போர்வையைப் பழுப்புக் குதிரையின் மேல் போட்டான்.

இங்கே ஒரு விதவை, மூன்று ஆடுகளோடு லாயத்தில் குடியிருக்கிறாள். அவளிடம் சீட்டைக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதாம். இருந்தும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா," என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

கடிதத்தோடு லூப்போ முன்னால் வருகிறான். விதவையின் தம்பி என்னோடு வருவான். நாளை மறுநாள் நண்பகலுக்குள் உங்கள் வாசலில் இருப்பேன். மன்னித்துவிட்டேனா என்று இங்கிருந்து எழுதத் தெரியவில்லை. வந்துகொண்டிருக்கிறேன்.

ஓடி வந்து குதிரையைப் பிடிக்க வேண்டாம். நிலைப்படியில் நில்லுங்கள். எல்லோரிடமும் கேட்பது போல என்னிடமும் சீட்டைக் கேளுங்கள். இந்த வழியில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் மவுரா