மாமாவா, சித்தப்பாவா

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மாடி அறை ஜன்னல் ஊறி உப்பிவிட்டது, சாத்த முடியவில்லை. பழைய வேட்டியைச் சுருட்டி இடுக்கில் திணித்தேன்.

இன்று செய்ய வேண்டியவை: அத். 5 காட்சி 14 (கோட்டைக் கதவு). அத். 6 சுருக்கம். சென்னைக்குப் போன். மைனிக்குப் போன். கேஸ்.

செய்தது: கேஸ்.

காலேஜில் இருபது வருடம் பிள்ளைகளுக்கு நடத்திய நாடகங்கள்தான், பழைய ஆங்கில ராஜாக்கள் கதை. இப்போது அதையே டி.வி.க்கு எட்டு அத்தியாயமாகத் தமிழில் எழுதித் தரச் சொல்கிறார்கள். பாடம் நடத்தியபோது ஒரு ராஜாவும் இப்படிப் படுத்தியதில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், கீழே போகிறேன், எதற்கு வந்தோம் என்று மறந்து மேலே வருகிறேன். லதா சமையலறையிலிருந்து, "ஒரு எடத்துல இருக்க மாட்டீங்களா? ஏணிப்படி தேயுது."

அத். 5 கதை எளிது. மூத்தவன் ராஜா, செத்துப்போகிறான். அவன் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ராஜாவின் தம்பி, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பையனைக் கோட்டையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிரீடத்தைத் தான் சூடிக்கொள்கிறான். இதில் எழுதத் தடுமாற என்ன இருக்கிறது? தெரியவில்லை. ஒரு வாரமாக 14-ஐத் தாண்ட முடியவில்லை.

மத்தியானம் மைனியே கூப்பிட்டுவிட்டாள், அண்ணன் மனைவி, மார்த்தாண்டத்திலிருந்து. "தம்பி, வெள்ளிக்கெழம பத்து மணிக்குப் பதிவாபீஸுல டோக்கன் போட்டிருக்கு. வருவீங்கல்லா?"

"இதா வாறேன் மைனி. இந்த எழுத்து வேல ஒண்ணு முடியட்டும்."

அண்ணன் போய் ஒன்றரை வருடம். வீடு அப்பா பெயரில். பாதி அண்ணனுக்கு, அதாவது இப்போது மைனிக்கும் அவர்கள் மகள் நித்யாவுக்கும். மாடி முழுக்க அவர்கள் பங்கு என்று பேசி ஆதாரமும், அதான் பாகப் பத்திரம், எழுதி வைத்தாயிற்று. என் கையெழுத்து மட்டும் பாக்கி. டோக்கன் மூன்றாவது தடவை. முதல் தடவை காய்ச்சல், இரண்டாம் தடவை அத். 2. வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டது, காற்று விடவில்லை. டைரக்டர் பிரபா சென்னையிலிருந்து வந்திருக்கிறாள், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ஆங்கிலக் கோட்டைக்கு இது போதுமா என்று பார்க்க. கோட்டை மேல் ஐம்பது பேர் செல்ஃபி. ஒருவர் நுங்கு தின்றுகொண்டிருந்தார். அட்டைக் கிரீடத்தை வைத்துப் பார்த்தோம், காற்று பிடுங்கிக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் காலடியில் போட்டது.

அங்கே வைத்துத்தான் சொன்னாள். "சார், ஹீரோயின் ஃபிக்ஸ் பண்ணியாச்சு."

"எந்த ஹீரோயின்?"

"ராஜாவோட பொண்ணு சார். மருமகன்னா பொண்ணு ஒண்ணு இருக்கணும்ல? இந்த மதில் மேல ஒரு பாட்டு வச்சிருக்கோம்."

நான் அனுப்பிய சுருக்கம் ஒரே வரி: 'மாமன் அரியணையில், மருமகன் சிறையில்.' அதைப் படித்துவிட்டு, பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கல்யாணமே செய்துவைத்துவிட்டார்கள். வந்ததே கோபம். எங்கள் ஊரில் மருமகன் என்றால் மாப்பிள்ளை மட்டுமல்ல, கூடப் பிறந்தவள் மகனும்தான் என்றேன். எங்கள் தாத்தா காலம் வரை சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்குத்தான், மருமக்கள் வழி என்று அதற்குப் பெயர், தெரியாவிட்டால் கேட்க வேண்டும் என்றெல்லாம் கத்தினேன். நுங்குக்காரர் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பிரபா கோபப்படவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். "அப்போ அந்தப் பையன் ராஜாவோட தங்கச்சி பையனா சார்?"

"எல்லாம் ஸ்கிரிப்டுல இருக்கு" என்றேன்.

ஸ்கிரிப்டில் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அவியலில் உப்பு குறைவு என்று லதாவிடம் காரணம் சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

வெக்கை. நாகர்கோவில் லாட்ஜ் ஒன்றின் ஹாலில் வசனம் வாசித்துப் பார்த்தோம். கொண்டுபோக மறந்தது: கண்ணாடி. குடித்த சாயா: ஐந்து.

தம்பி ராஜாவாக நடிப்பவர் ஹமீது அண்ணன், தேங்காப்பட்டணத்துக்காரர். வளைகுடாவில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர், மேடை நாடகத்தில் பழுத்த கை. நாலு பக்கம் வாசித்தார், பேப்பரைக் கீழே வைத்தார்.

"சாரே, ஒரு சந்தேகம். இந்தப் பயலுக்க வாப்பாவும் நானும் யாரு?"

"கூடப் பொறந்தவங்க. அவரு அண்ணன், நீங்க தம்பி."

"அப்பம் இவன் என்னய எதுக்கு மாமான்னு விளிக்கான்? எங்க வீட்டுல சின்ன வாப்பான்னுல்லா விளிப்போம்."

ஆங்கிலத்தில் மாமாவுக்கும் சின்ன வாப்பாவுக்கும் ஒரே சொல்தான் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"இங்கிலீஷுல ஒண்ணுதான். ஒமக்குத் தமிழுல ரெண்டு உண்டும்லா?"

பிரபா என்னைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தாள். முந்தாநாள் பிறந்த குழந்தைக்கும் தெரியும், அப்பாவின் தம்பி மாமா அல்ல என்று. இங்கிலீஷ் வாத்தியார் நான் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க மாமா என்று எழுதி, அதற்கு மருமக்கள் வழி என்று வரலாறும் சொல்லி, கோட்டை மேல் நின்று கூச்சலும் போட்டிருக்கிறேன். காது சுட்டது.

ஹமீது அண்ணன் விடவில்லை. "மாமாவ நம்பாம இருக்கலாம் சாரே, அவரு வேற வீடு. வாப்பாவ எப்படி நம்பாம இருக்க?" 14-ஐ மாற்றி வாசித்துப் பார்ப்போம் என்றார். நான் ஒருவழியாக நேற்று எழுதிய நாலு வரி. பையன் வரியை பிரபா வாசித்தாள்.

"சித்தப்பா, கதவைத் திறங்க."

அடுத்தது ராஜாவின் வரி. 'இதோ வருகிறேன், மகனே' என்று எழுதியிருந்தேன். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவ்வளவு பிரியமாக, "இதா வாறேன் மக்கா" என்றார்.

சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொலையாளிகளை அனுப்பும் காட்சியை அடுத்து எழுதுவதாக இருந்தேன், அதற்கு இனித் தேவையே இல்லை. பிரபா மெதுவாக, "ஹீரோயின் வேண்டாம் சார், நான் பேசிக்கிறேன்" என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அங்கே உட்கார முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மறுபடியும் மழை. ஜன்னல் வேட்டி நனைந்து சொட்டுகிறது.

'மாமா' என்ற சொல்லையெல்லாம் 'சித்தப்பா' என்று மாற்றக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்தேன். அறுபத்து மூன்று இடம். அமைச்சர் பேசுகிற 'எத்தனை மாமாங்கம் ஆனாலும்' என்பது 'எத்தனை சித்தப்பாங்கம் ஆனாலும்' ஆகிவிட்டது. தனியாகச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

உண்மையை இங்காவது எழுதலாம். ஊர்ப் பழக்கத்தால் கை தானாக மாமா என்று எழுதவில்லை. சித்தப்பா என்று எழுதியிருந்தால் அறுபத்து மூன்று தடவையும் அது நித்யாவின் குரலில் கேட்டிருக்கும். இந்த அறை அண்ணனுடையது. இந்த மேஜை அண்ணனுடையது. நான் பார்த்து எழுதுகிற நாடகப் புத்தகமே அண்ணனுடையது, அவன் பென்சிலால் கோடு போட்டது. அவன் புத்தக அலமாரிக்குப் பூட்டுப் போட்டவன் நான். எலி வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். புத்தகம் தின்கிற எலி நான்தான். இந்த மாடியை விட எனக்கு மனசில்லை, அவ்வளவுதான் விஷயம். வெட்கமாக இருக்கிறது.

நாலு மணி. மேலே எழுதியது வரைக்கும் எழுதியிருந்தேன். கேட் சத்தம். நித்யா. திருவனந்தபுரத்தில் வேலை, லீவு போட்டு வந்திருக்கிறாள் போல.

"சித்தப்பா, கதவத் தொறங்க."

"இதா வாறேன் மக்கா" என்றேன், ஜன்னல் வழியாக.

சொன்ன பிறகுதான் கேட்டது. ஹமீது அண்ணனின் குரல், அதே பிரியம். நான் நாற்காலியில்தான் இருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, கால் வரவில்லை. எவ்வளவு நேரமோ. அவள் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை, மழையில் நின்றாள். லதாதான் ஓடிப்போய்த் திறந்தாள்.

தலை துவட்டிக்கொண்டே மேலே வந்தாள். "அப்பாக்க புக்கு நாலஞ்சு எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் சித்தப்பா. மத்தது ஒண்ணும் வேண்டாம்."

"மத்ததுன்னா?"

"டோக்கன கேன்சல் பண்ணிரலாம்னு அம்மை சொல்லுகா. நீங்க எப்படியும் வரப்போறதில்லலா?" சண்டையாகச் சொல்லவில்லை. பஸ் கிடையாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சண்டை போட்டிருக்கலாம்.

சாவி தேடினேன். பேனா டப்பாவுக்குள் இருந்தது, இருப்பது எனக்குத் தெரியும், ஆனாலும் தேடினேன். திறந்து கொடுத்தேன். அவள் ஆறு புத்தகம் எடுத்தாள். மேஜை மேலிருந்த நாடகப் புத்தகத்தைப் புரட்டினாள், பென்சில் கோட்டைத் தடவிப் பார்த்தாள், அங்கேயே வைத்தாள். "நீங்க எழுதி முடிச்சிட்டுத் தாங்க."

"டோக்கன் இருக்கட்டும். நாளைக்கு நான் வாறேன்."

"செரி, சித்தப்பா."

நம்பவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை. கையெழுத்து போட்டாயிற்று. எல்லாப் பக்கத்திலும். கட்டைவிரல் மை இன்னும் போகவில்லை.

காலையில் நடந்ததை எழுதிவிட வேண்டும். எட்டே முக்காலுக்கே கிளம்பினேன். லதா குடையைக் கையில் கொடுத்தாள். பஸ் கோட்டாறு வரை வந்து நின்றுவிட்டது, பதிவாபீஸுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். முன்னால் அரிசி லாரி ஒன்று குறுக்கே. பத்து அடித்தது, பத்தேகால் ஆனது. பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் ரசகதலிப் பழம் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு அங்க போய்ச் சேந்தாப்பலதான்" என்றாள்.

போன். நித்யா. பின்னால் மைனியின் குரல் கேட்டது: "நான்தான் சொன்னேம்லா மக்களே, கூப்பிடாண்டாம்னு."

"எங்க நிக்கீங்க சித்தப்பா?"

"இதா..." என்று வாய் எடுத்துவிட்டது.

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"கோட்டாறுல நிக்கேன். பஸ் நகரல. நடந்து வாறேன்" என்றேன். குடையை பஸ்ஸிலேயே மறந்துவிட்டு, இறங்கி நடந்தேன்.